டீக்கறை அட்டைகள்

குழாயைத் திறந்துவிட்டுத்தான் மாத்திரையை நொறுக்குவாள். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் கரண்டி மேடைக்கல்லில் உரசுவது கேட்காது என்பது அவள் எண்ணம். மருந்துக்கடையிலிருந்து எடுத்து வந்த சின்னக் காகித உறைக்குள் மாத்திரையைப் போட்டு, மடித்து, கரண்டியின் முதுகால் நாலு அழுத்து. மாவாகிவிடும். டீயை இறக்கி ஊற்றியதும் அவன் கோப்பையில் மட்டும் தட்டிச் சர்க்கரையோடு சர்க்கரையாகக் கலக்கிவிடுவாள். குடியை விட வைக்கிற மாத்திரை அது, உள்ளே இருக்கும்போது மதுவைத் தொட்டால் உடம்பு தாங்காது. நாற்பத்தொரு நாளாக நடக்கிறது. ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

இன்றைக்கு மட்டும் குழாயைத் திறக்கவில்லை. மனநல டாக்டரிடம் போகிற நாள். ரத்தம் எடுப்பார்களோ, எடுத்தால் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரே உதறல். பதினொரு வருஷமாக மருந்துக்கடை கவுன்டரில் நிற்கிறவளுக்கு எந்தச் சோதனையில் எது தெரியும் என்று தெரியாதா? தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது? ஆக, இன்றைக்கு வெறும் டீ.

அவன் கோப்பையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். அடியில் ஒரு மடக்கு மிச்சம் வைத்துக்கொண்டு அறைக்குள் போனான்.

"இன்னிக்கு டீ நல்லா இருக்கு" என்றான் திரும்பி வந்து.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் டீ நல்லா இருக்கு என்று ஒரு நாள் சொன்னவன் இல்லை. சொன்னால் சந்தோஷம் வரவேண்டும் இல்லையா, அவள் திரும்பிப் போய்க் கரண்டியை இன்னொரு தடவை கழுவி வைத்தாள்.

அவனுக்கு வேலை கார்களுக்கு பெயின்ட் அடிக்கும் பட்டறையில், கலர் கலக்குவது. ஒரு கார் எங்கேயாவது இடித்துக்கொண்டு வந்தால், புதுக் கதவுக்கும் பழைய வண்டிக்கும் ஒரே நிறம் வரும்படி கலந்து கொடுக்க வேண்டும். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறதில் அவன் இருபது வெள்ளை பார்ப்பான். பட்டறையில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கலந்த ஒவ்வொரு கலவையிலும் ஒரு சொட்டு எடுத்து வெள்ளை அட்டையில் தடவி, பின்பக்கம் தேதி எழுதி, காயவைத்து, அதன் பிறகுதான் ஒப்பிட்டுப் பார்ப்பான். அவசரப்படுத்துகிறவர்களிடம், "ஈரத்துல எல்லாக் கலரும் பொய் சொல்லும் சார். காயட்டும்" என்பான். முதலாளியானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு முன்னால் டீயில் மாவு கலந்தாள் பாருங்கள், அதைத் துணிச்சல் என்பதா, புத்தி கெட்டுப் போனது என்பதா.

ஆனால் அவளை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவன் குடிகாரன் ஆவதற்கு முன்பே பயந்தவன். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான நாலாம் வருஷம், தெருமுனையில் நின்று நின்று திரும்பிப் பார்ப்பான். பட்டறையில் கம்ப்ரஸர் ஓடும்போது அதற்குள் யாரோ தன் பெயரைச் சொல்கிறார்கள் என்பான். பிறகு ஒரு நாள் யாரோ வாங்கிக் கொடுத்த இரண்டு கிளாஸில் அந்தக் குரல் அடங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்தது. அடக்குவதற்கு முதலில் இரண்டு கிளாஸ் போதுமாக இருந்தது, பிறகு அரை பாட்டில், பிறகு காலையில் எழுந்ததும்.

டாக்டர்களிடம் போகாமலும் இல்லை. மனநல ஆஸ்பத்திரியில், "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். குடி நிறுத்தும் இல்லத்தில், "இவருக்குக் காதுல குரல் கேக்குதே, முதல்ல அதுக்கு வைத்தியம் பார்த்துட்டு வாங்க" என்றார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வியாதியும் வரக்கூடாது என்று எவனோ சட்டம் போட்ட மாதிரி, இந்த வாசலில் இருந்து அந்த வாசல், அந்த வாசலில் இருந்து இந்த வாசல். மூன்று வருஷம் அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அவனுடைய அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான். "குரலும் இல்ல, குளறலும் இல்ல. குடியை விட்டா எல்லாம் தன்னால சரியாயிடும்."

சரி, குடியை விட வைத்துக் காட்டுகிறேன் என்று இவள் இறங்கினாள். கடையின் மூன்றாவது அலமாரியில் அந்த மாத்திரை இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறவள், தனக்கு எடுத்துக்கொண்டாள். டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த, தமிழிலும் அச்சடித்த விவரத் தாளைப் படித்தாள். கடைக்காரப் பழக்கம், தாளைத் தூக்கிப் போட மனம் வராது. மடித்துக் கைப்பையின் உள் ஜிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவன் வழக்கம்போலக் குடித்தான். முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலிலேயே விழுந்தான். அவசர சிகிச்சை டாக்டர் கேட்டார், "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" தினமும் கவுன்டரில் நூறு பேரிடம் இவள் கேட்கிற கேள்வி அது. "இல்ல சார்" என்றாள். டாக்டர் பாவம், தெரியாத ஒன்றோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி ஆளைக் காப்பாற்றினார்.

மதுக்கடைக்காரன் விஷம் கலந்துவிட்டான் என்று அவன் முடிவு கட்டினான். அந்தப் பயத்தில் குடியை விட்டான். அக்கா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" பதினைந்து வயது மகள் முதல் முறையாகத் தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நிறுத்தலாம் என்று இவளும் தினமும் நினைப்பாள், நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவாள். நிறுத்திய அன்றே அவன் குடித்துவிட்டால்?

ஆனால் குடி போனதே தவிர, குடிக்கு அடியில் இருந்தது போகவில்லை. மூடி எடுத்த பானை போல எல்லாம் மேலே வந்தது. குரல்கள் திரும்பின. போன் காது வைத்துக் கேட்கிறது என்று அதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தான். எதிர் வீட்டுக்காரர் இருமினால் அது சங்கேதம். கடைசியாக டீ. "டீயில ஏதோ இருக்கு."

"ஒண்ணும் இல்லைங்க."

"காலையில ஏதோ நொறுங்கற சத்தம் கேக்குதே?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உங்க பிரமை."

மாத்திரை கொடுத்ததைக்கூட விடுங்கள். இல்லாத குரலையும் இருக்கிற சத்தத்தையும் பிரிக்கத் தெரியாமல் அல்லாடுகிற ஒரு மனுஷனிடம், இருக்கிற சத்தத்தை இல்லை என்று சொன்னாளே, அது பாவம். அவளுக்கே அது தெரியும். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டரிடம் போகலாம் என்று சொன்னது அவன்தான்.

ஆஸ்பத்திரி நடையில் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் நடுவில், இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் இவள். அவன் மடியில் ஒரு துணிப்பை. பழைய மருத்துவச் சீட்டுகள் என்று இவள் நினைத்தாள். எதிரே கண்ணாடி பதித்த கதவு. அதற்குப் பின்னால் டாக்டரம்மாவின் தலை தெரிந்தது.

"நான் ஒரு முடிவோட வந்திருக்கேன்" என்றான் அவன், யாரையும் பார்க்காமல். "எனக்குத் தோணுறது எல்லாம் நிஜமா, என் மண்டைக் கோளாறான்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும். டீயை வெச்சுத் தெரிஞ்சுக்கப்போறேன்."

"டீயை வெச்சா?" என்றார் அக்கா.

"டீயில ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சுன்னா, குரலு, போனு, எதிர் வீட்டுக்காரரு, எல்லாமே பொய். நோயின்னு ஒத்துக்கறேன். என்ன மாத்திரை குடுத்தாலும் போட்டுக்கறேன்."

"இருந்தா?"

"இருந்தா எல்லாமே நிஜம்." அவன் பையின் காதை முறுக்கினான். "அப்புறம் இங்கேருந்து நேரா கடைக்குத்தான்க்கா. விஷம் வெச்சா வெக்கட்டும். இந்தச் சத்தத்தை அடக்க எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"வாயைக் கழுவு" என்றார் அக்கா. "டீயில என்ன இருக்கும்? டீத்தூள் இருக்கும்."

நேற்றுவரைக்கும் கொடுத்த மாத்திரை இன்னும் இரண்டு வாரம் அவன் உடம்பில் இருக்கும். உண்மையைச் சொன்னால் கடைக்குப் போவான், போனால் பிழைக்க மாட்டான். சொல்லாவிட்டால் வைத்தியத்துக்கு ஒத்துக்கொள்வான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வாயை மூடிக்கொண்டிரு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நர்ஸ் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். அவன் உட்கார்ந்ததும் பையைத் திறந்து மேஜை மேல் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தான். பட்டறை அட்டைகள். வரிசைக்கு ஏழு, மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்புக் கறை.

"கோப்பையில கடைசியா மிஞ்சற டீ, டாக்டர். மூணு வாரமா எடுத்திருக்கேன். இது பாருங்க, கறைக்கு நடுவுல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு. இதுலயும் இருக்கு. இதுல இல்ல. இது ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை இவ காலை டூட்டிக்குப் போயிடுவா, எங்க பொண்ணு போடற டீ. மூணு ஞாயிறும் சுத்தம்." கடைசி அட்டையின் மேல் விரலை வைத்தான். "இது இன்னிக்குக் காலையில. இவ போட்டதுதான். ஆனா சுத்தம். ஏன்னா இன்னிக்கு உங்ககிட்ட வரோம்."

இவள் அட்டைகளைப் பார்த்தாள். வெள்ளை மாவு சின்னச் சின்ன வளையமாகக் காய்ந்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவளைத் தவிர அந்த அறையில் யாரும் அவளைப் பிடிக்கவில்லை. டாக்டரம்மா அட்டைகளைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிச் சாட்சியங்களோடு வருகிறவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

"பார்த்தீங்களா டாக்டர்?" என்றார் அக்கா. "கட்டின பொண்டாட்டியையே சந்தேகப்படறான். இவ தங்கமான பொண்ணு. இவ இடத்துல வேற ஒருத்தியா இருந்தா எப்பவோ போயிருப்பா."

டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினார். குரல் தணிவாக இருந்தது. "நீங்களே உங்க வாயால சொல்லிடுங்கம்மா. டீயில ஏதாவது கலக்கறீங்களா?"

அவன் அவளைப் பார்த்தான். மிரட்டுகிற பார்வை இல்லை. கெஞ்சுகிற பார்வை.

"இல்லன்னு சொல்லு" என்றான். "இல்லன்னு சொல்லிடும்மா. நான் நோயாளியாவே இருந்துட்டுப் போறேன். அது நீ இல்லன்னா போதும்."

"இல்லைங்க" என்றாள்.

அவன் தோள் தளர்ந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். குலுங்கிக் குலுங்கி, சின்னப் பிள்ளை மாதிரி. அக்கா அவன் முதுகைத் தடவிவிட்டார். பிறகு அவன் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துப் பைக்குள் போட்டான்.

"நோயின்னு தெரிஞ்சுக்கறதே பாதி வைத்தியம்" என்று சொல்லி டாக்டரம்மா சீட்டு எழுத ஆரம்பித்தார். "உங்களுக்கு ரெண்டு பிரச்சினை. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும், தனித்தனியாப் பார்த்தா ஆகாது. இந்த மாத்திரை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு விஷயம் நல்லா கேட்டுக்கோங்க. இடையில ஒரு நாள் மனசு கேக்காம குடிச்சுட்டீங்கன்னு வெச்சுக்குவோம். பயந்துபோய் வைத்தியத்தை விட்டுடாதீங்க. கொஞ்சம் குடிச்சதால ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது. மறுநாளே வாங்க. குடிச்சதுக்காக இங்க யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். எவ்வளவு நல்ல வார்த்தை. இவளுக்கு மட்டும் அது எமன் வாக்காக இருந்தது. கொஞ்சம் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவன் என்றைக்காவது ஒரு நாள், நாளைக்கோ நாளை மறுநாளோ, அந்த நம்பிக்கையில் ஒரு கிளாஸைத் தூக்குவான்.

டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார், "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

இரண்டாவது தடவை. ஒரு தடவை இல்லை என்று சொல்லி அவன் செத்துப் பிழைத்தான்.

"குடுக்கறேன்" என்றாள்.

"என்ன குடுக்கறீங்க?"

அவள் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். எத்தனை நாள் என்று சொன்னாள். டீயில் என்று சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"பட்டறையில அவர் விழுந்தது அதனாலதான்." அவன் பக்கம் திரும்பினாள். "அந்தச் சத்தமும் நான்தாங்க, கரண்டி. உங்க காது சரியாத்தான் கேட்டுது."

"நல்லதுக்குத்தானே செஞ்சே?" என்றார் அக்கா. அவருக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. "குடியை விட்டானே, அதுக்குத்தானே? டேய், அவ நல்லதுக்குத்தான்டா..."

அவன் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தான். "அப்போ என் கண்ணு சரி" என்றான். அதில் ஒரு நொடி பெருமைகூட இருந்தது. பிறகு முகம் மாறியது. "அப்போ எல்லாமே சரி."

"இல்லைங்க. டீ மட்டும்தான். எதிர் வீட்டுக்காரர் சும்மா இருமறார், அவருக்கு ஆஸ்துமா. போன்ல ஒண்ணும் இல்ல."

"இப்பத்தானே டீயிலயும் ஒண்ணும் இல்லன்னே."

அவன் எழுந்தான். டாக்டரம்மா, "உட்காருங்க, தயவுசெஞ்சு உட்காருங்க, நீங்க இப்போ குடிச்சா உயிருக்கே ஆபத்து" என்று மேஜையைச் சுற்றி வருவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடை, அதை ஒட்டி மதுக்கடை. இடம் பார்த்து வைத்தவன் கெட்டிக்காரன். இவள் ஓடினாள். நடையில் ஒரு ஸ்ட்ரெச்சர் குறுக்கே வந்தது, சுற்றிக்கொண்டு ஓடினாள். படியில் செருப்பு கழன்றது, விட்டுவிட்டாள். சாலையில் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. டிரைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். அதைக் காதில் வாங்க அவளுக்கு நேரமில்லை.

மதுக்கடைக்குள் பகலிலேயே விளக்கு எரிந்தது. ஏழெட்டு ஆண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மூலையில் உட்கார்ந்திருந்தான். எதிரே கிளாஸ். நிறைய ஊற்றியிருந்தது. விளிம்புவரைக்கும் அப்படியே இருந்தது.

அவன் முன்னால், பையிலிருந்து எடுத்த கறைபடாத ஒரு வெள்ளை அட்டை. அதில் ஒரு சொட்டு ஊற்றிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிட்ட வராத" என்றான். "காயட்டும்."

கடைக்காரன் விஷம் கலக்கிறான் என்கிற பயம் இன்னும் இருந்தது. அந்தப் பயம்தான் அவனை இந்த நிமிஷம்வரைக்கும் உயிரோடு வைத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பிரமை என்று எதை இத்தனை நாளாகத் தள்ளிவிட்டாளோ, அதற்கு அந்த நொடியில் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மேஜைக்கு இந்தப் பக்கமே நின்றாள். மூச்சு இரைத்தது.

"குடிக்காதீங்க. மாத்திரை உங்க உடம்புல இன்னும் ரெண்டு வாரம் இருக்கும். அன்னிக்காவது பிழைச்சீங்க."

"நீ சொல்றதுல எதை எடுத்துக்கறது, எதை விடறது?"

"நான் சொல்றதை எடுத்துக்காதீங்க."

கைப்பையைத் திறந்தாள். அவசரத்தில் ஜிப் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பிய்த்து, உள்ளே மடித்து வைத்திருந்த விவரத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கடுகைவிடச் சின்ன எழுத்து. வாங்குகிறவர்கள் யாரும் படிக்கமாட்டார்கள். அவன் படிப்பான்.

பூதக்கண்ணாடி தாளை விரித்தான். விளக்குக்குக் கீழே நகர்த்தி, முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தான். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. பக்கத்து மேஜைக்காரர் ஒருவர், "என்னம்மா, வீட்டுப் பிரச்சினையா? வீட்டுல போய்ப் பேசிக்கோங்க" என்றார். அவள் காதில் அது ஏறவில்லை. அவன் வலது கை கிளாஸுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு தடவை கிளாஸைத் தொட்டது. ஈரத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தாளுக்குப் போனது.

"முகம் சிவத்தல்" என்று படித்தான். "வாந்தி. நெஞ்சு படபடப்பு. மயக்கம்." நிறுத்தினான். "மரணம் ஏற்படலாம்."

அவள் தலையாட்டினாள்.

அவன் இன்னும் கீழே போனான். "குழப்பம், சந்தேகம், இல்லாததைக் காண்பது, கேட்பது." விரல் நின்றுவிட்டது. அந்த வரியை இரண்டு தடவை, மூன்று தடவை படித்தான். "முன்பே மனநோய் இருப்பவர்களுக்கு அதிகரிக்கக்கூடும்." முன்பே என்ற சொல்லின் மேல் நகத்தை வைத்து அழுத்தினான். "கம்ப்ரஸர்ல என் பேர் கேட்டப்போ நான் ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்ல. உன் மாத்திரையும் இல்ல அப்போ."

"இல்ல."

"அப்போ அது முன்னாடியே இருந்தது."

"ஆமாங்க."

அவன் அட்டையைத் தூக்கி விளக்கில் பார்த்தான். சொட்டு காய்ந்துவிட்டது. அட்டை வெள்ளையாக இருந்தது.

"சுத்தமா இருக்கு" என்றான். "கடைக்காரன் ஒண்ணும் கலக்கல."

"அவர் கலக்கலைங்க. நான்தான்."

தாளின் கடைசிப் பத்தியில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை அவன் வாய்விட்டுப் படித்தான், வகுப்பில் எழுப்பிவிட்ட பையன் மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. "இதை நோயாளிக்குத் தெரியாமல் ஒருபோதும் கொடுக்கக் கூடாது."

தலையைத் தூக்கினான்.

"இதை நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்போ?"

பொய் சொல்லலாம். பிறகுதான் பார்த்தேன், அவசரத்தில் கவனிக்கவில்லை, எழுத்து சின்னது, எத்தனையோ சொல்லலாம். தொண்டைவரைக்கும் வந்தது.

"குடுக்கறதுக்கு முன்னாடியே."

அவன் கண் அவள் முகத்தில் நின்றது. கார்க் கதவில் நிறம் பார்க்கிற அதே கண். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்கட்டும் என்று நின்றாள்.

"இது பொய் இல்ல" என்றான் கடைசியில்.

கிளாஸை இரண்டு விரலால் மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினான். கொஞ்சம் சிந்தியது. தாளை அது மடிந்திருந்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். அவளைத் தாண்டி நடந்தான். சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தான். அவள் பத்தடி பின்னாலேயே போனாள். அவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் அவள் செருப்பு கிடந்தது. குனிந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மேலே ஏறினான்.

அறை வாசலில் டாக்டரம்மாவும் அக்காவும் நின்றுகொண்டிருந்தார்கள். கூடவே ஒரு காவலாளி. அவனைப் பார்த்ததும் டாக்டரம்மா, "குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. ரெண்டு வாரம் உடம்புல இருக்குமாமே, அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கலாமா? வீட்டுல எனக்கு ஒண்ணும் இறங்காது."

"இருக்கலாம். தாராளமா இருக்கலாம்."

"அப்போ நிஜமா இருக்கறதைச் சொல்றேன். எனக்குக் குரல் கேக்குது டாக்டர். ரொம்ப வருஷமா."

டாக்டரம்மா கதவைத் திறந்து பிடித்தார். அக்கா உள்ளே போனார். இவளும் ஒரு அடி வைத்தாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். கோபமாக இல்லை.

"நீ வெளியே இரும்மா."

கதவு சாத்திக்கொண்டது. இவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவிலிருந்த கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து டாக்டரிடம் கொடுத்தான். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு அவன் பேச ஆரம்பித்தான். உதடு அசைவது மட்டும் தெரிந்தது, என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. வீட்டில் இத்தனை நாள் அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை.

அவன் உயிரோடு இருக்கிறான், பேசிக்கொண்டிருக்கிறான், அது போதும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். போதவில்லை. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நடையில் டீ விற்கிறவர் வந்து நின்று, "டீ வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.